தெரியாத இடத்தில் என்ன எழுதுவது?

பால்மரத் தோட்டங்களில் தொழிலாளரின் வேலைக்கணக்கு எழுதும் பதிவேட்டைச் 'செக்ரோல்' என்பார்கள். கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இச்சொல் நன்கு பழக்கமானது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பால் வெட்டி முடிந்ததும் வாளிகள் நிறுவைக்கு வரும். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அன்றைய எடை கணக்கேட்டில் ஏறும்.

அக்கணக்கேட்டில் ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே சுழியம் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று மழை பெய்து பால் கிடைக்காமல் போயிருக்கலாம். எப்படியாயினும், ஒருவர் பார்த்து, அறிந்து எழுதிய எண் அது. அதே கட்டம் வெறுமையாக இருந்தால் பொருள் வேறு. பால் கிடைத்ததா இல்லையா என்பதை அந்த ஏடு சொல்லவே இல்லை. மாதக் கடைசியில் வெறுங்கட்டத்தையும் சுழியமாகவே கூட்டினால், உழைத்தவரின் ஒருநாள் கூலி ஓசையின்றி மறைந்துவிடும்.

'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் வெவ்வேறானவை. இந்த வேறுபாட்டை மறந்தால் கணக்கேட்டில் கூலி தவறும். கணினிக்குள் தரவு அழியும், கருவி பழுதாகும். வன்பொருளைப் பற்றிய தகவல் கிடைக்காதபோது கணினியின் மென்பொருள் எதை நம்பி இயங்குகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கெர்னல் என்னும் நடுவர்

கணினியிலும் திறன்பேசியிலும் நாம் பயன்படுத்தும் செயலிகள் நினைவகத்தையோ திரையையோ மின்கலத்தையோ நேராகத் தொடுவதில்லை. இவற்றுக்கிடையே கெர்னல் என்னும் அடிப்படை மென்பொருள் இருக்கிறது. எந்தப் பணிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்பவற்றை அதுதான் முடிவு செய்கிறது. 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய ஒரு கெர்னல். ஆண்ட்ராய்டு திறன்பேசிகளின் அடித்தளத்திலும் அதுவே இயங்குகிறது. அதன் நிரல் வரிகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

திறன்பேசி, மடிக்கணினி, தொழிற்சாலை இயந்திரம், வீட்டு இணையக் கருவி என ஆயிரக்கணக்கான வகை வன்பொருள்களில் ஒரே கெர்னல் இயங்க வேண்டும். ஆகவே, தான் எந்த இயந்திரத்தில் ஏறியிருக்கிறது என்பதை அது ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. சில கருவிகள் தம் அடையாளத்தைத் தாமே சொல்லிவிடும். வேறு சிலவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. அவற்றின் விவரங்களை இயந்திரத்தை உருவாக்கியவர்கள் ஒரு விவரக் கோப்பில் எழுதித் தருவார்கள். 'டிவைஸ் ட்ரீ' எனப்படும் அக்கோப்பில் எந்தக் கருவி எங்கே உள்ளது, எந்த வேகத்தில் இயங்கும் என்பன போன்ற செய்திகள் இருக்கும்.

எழுதித் தருபவர்களும் மனிதர்களே. ஒரு வரி விடுபடலாம். பழைய இயந்திரத்தின் கோப்பில், பின்னாளில் தேவைப்பட்ட ஒரு விவரம் இல்லாமலிருக்கலாம். கருவியே விடை சொல்லாமல் இருக்கலாம். அப்போது இயங்காமல் நிற்பதா, ஒரு மதிப்பைத் தானே எடுத்துக்கொண்டு தொடர்வதா என்று கெர்னல் முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு எடுத்துக்கொள்ளும் மதிப்பையே 'இயல்நிலை மதிப்பு' என்கிறோம்.

லினக்ஸில் இதற்குப் பரவலான ஒரு நிரல் முறை உண்டு. முதலில் பாதுகாப்பான மதிப்பு ஒன்றை மாறியில் இட்டுவிடுவார்கள். பிறகு விவரக் கோப்பைப் படிப்பார்கள். கோப்பில் எண் இருந்தால் அது பழைய மதிப்பின் இடத்தில் அமரும். இல்லாவிட்டால் படிக்கும் கட்டளை மாறியைத் தொடாமல், பிழைக்குறியீட்டை மட்டும் திருப்பித் தரும். முதலில் இட்ட மதிப்பே நிலைக்கும்.

எல்லா இடத்திலும் இப்படி ஓர் எண்ணை இட்டு நிரப்புவதில்லை. மின்கலத்தைப் பற்றிய விவரங்களில், தெரியாத கட்டங்களுள் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் எதிர்மப் பிழைக்குறியீட்டை இட்டு வைக்கிறது. அது எந்த மின்கலத்தின் கொள்ளளவாகவும் இருக்க முடியாத எண். ஆகவே, அதைப் பார்க்கும் நிரல் 'இது தெரியவில்லை' என்று உடனே அறிந்துகொள்ளும். மாறாக, சுழியத்தை இட்டிருந்தால் 'கொள்ளளவே இல்லாத மின்கலம்' என்று பொருளாகிவிடும். எத்தனை விழுக்காடு மீதமுள்ளது என்று கணக்கிட அந்தச் சுழியத்தால் வகுக்க முனைந்தால் கணக்கே சிதையும்.

எந்தப் பக்கம் தவறினால் மீளலாம்?

இயல்நிலை மதிப்பு என்பது ஓர் ஊகம். ஊகம் தவறக்கூடும். ஆகவே, 'எது பெரும்பாலும் சரியாக இருக்கும்?' என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. 'இது தவறாகிவிட்டால் என்ன நேரும்?' என்றும் கேட்க வேண்டும்.

இக்கேள்விக்கு மற்றத் துறைகள் முன்பே விடை கண்டுள்ளன. அலோர் ஸ்டாரிலிருந்து சுங்கை பட்டாணிக்கு இரயிலில் வரும்போது பாதையோரச் சைகை விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். எரிய வேண்டிய சைகை விளக்கு எரியாவிட்டால் அதைச் சிவப்பாகவே கருத வேண்டும் என்பது இரயில்வே உலகின் பழைய விதி. நாள்தோறும் அங்கே பச்சைதான் எரியும் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அவர் நிறுத்த வேண்டும். வீணாக நிறுத்தினால் சில நிமிடம் தாமதமாகும். தவறாக ஓட்டினால் உயிர்கள் போகும்.

மருத்துவமனையிலும் இவ்வாறே. விபத்தில் சிக்கி மயங்கிக் கிடப்பவரின் இரத்த வகையைச் சோதிக்க நேரமில்லாத அவசரத்தில், ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களைச் செலுத்துவார்கள். மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் வகை என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது அரிதான வகையே. ஏற்பவரின் வகை எதுவாக இருந்தாலும் தீங்கு விளைவிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதாலேயே அதை நாடுகிறார்கள். வகை தெரிந்தவுடன் அவருக்குரிய இரத்தத்திற்கு மாறுகிறார்கள்.

பாதுகாப்பான மதிப்பும் வழக்கமான மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் தெளிவாக்குகின்றன.

சிறிதில் தொடங்கிப் பெருக்குதல்

கணினியில் யூஎஸ்பி கருவி ஒன்றைச் செருகுகிறீர்கள். அது எவ்வளவு மின்னோட்டம் கேட்கும் என்று கணினிக்கு அக்கணத்தில் தெரியாது. யூஎஸ்பி 2.0 விதிமுறையின்படி, அறிமுகம் முடியும்வரை கருவி 100 மில்லியம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. தன் தேவையைச் சொல்லி, கணினி ஒப்புக்கொண்ட பிறகே 500 மில்லியம்பியர்வரை எடுக்கலாம்.

கேமராவில் போடும் எஸ்டி நினைவக அட்டையும் இப்படித்தான். அட்டையை முதலில் அடையாளம் காணும்போது கடிகார வேகம் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. எவ்வளவு பழைய அட்டையாக இருந்தாலும் தாங்கக்கூடிய வேகம் அது. அட்டை தன் திறனைச் சொன்னதும் வேகம் 25 மெகாஹெர்ட்ஸாகவோ அதற்கு மேலாகவோ உயர்கிறது. தொடக்கத்து மெதுவான கணங்களை நாம் உணர்வதுகூட இல்லை. அந்தச் சிறு பொறுமையால்தான் பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே துளையில் இயங்குகின்றன.

தெரியாத நிலையில் குறைவாக எடு, கேட்டுத் தெரிந்துகொள், பிறகு கூட்டு. இவ்விரு விதிமுறைகளின் சாரம் இதுவே.

பாதுகாப்பான மதிப்பும் திருத்தத்திற்கு உரியதே

ஒருமுறை தேர்ந்தெடுத்த மதிப்பு என்றென்றும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கணினித் திரை ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற படஅளவுகளைக் கம்பி வழியாகக் கணினிக்குச் சொல்லும். அத்தகவல் வராதபோது லினக்ஸ் 1024×768 என்னும் அளவை நீண்ட காலமாக எடுத்துக்கொண்டு வந்தது. பெரும்பாலான திரைகள் அதைக் காட்டிவிடும் என்பதால் அது நியாயமான ஊகமாகவே தோன்றியது.

ஆனால், டிஸ்ப்ளேபோர்ட் என்னும் இணைப்பு வகைக்குரிய விதிமுறை, கைகொடுக்கும் கடைசி அளவாக 640×480-ஐக் குறிப்பிடுகிறது. திரையின் தகவல் வரவில்லை என்பதே கம்பியில் கோளாறு இருப்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். நொடிக்கு 60 முறை படம் மாறும் 1024×768 அளவுக்கு 65 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புள்ளிகளை அனுப்ப வேண்டும். 640×480 அளவுக்குச் சுமார் 25 மெகாஹெர்ட்ஸ் போதும். தள்ளாடும் கம்பியில் குறைந்த சுமையே போய்ச்சேரும் வாய்ப்பு அதிகம். 2022-இல் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புக்கான இயல்நிலை மதிப்பு 640×480 என மாற்றப்பட்டது. படம் அழகாக இராது. ஆனால், பயனர் திரையில் எதையாவது பார்க்க முடியும். பார்க்க முடிந்தால்தான் கோளாற்றைச் சரிசெய்ய முடியும்.

128 பைட்டின் கதை

இதுவரை கண்டவற்றில் குறைந்த மதிப்பே பாதுகாப்பாக இருந்தது. எப்போதும் அப்படி இருக்குமா? இல்லை என்பதற்கு ஆர்ம் வகைச் செயலிகள் சான்று.

செயலி, நினைவகத்திலிருந்து தரவை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. ஒரு துண்டு அளவுக்கு மொத்தமாக எடுத்துத் தன்னருகே வைத்துக்கொள்கிறது. மாற்றம் செய்த பின் அந்தத் துண்டையே திரும்ப எழுதுகிறது. இதைப் புரிந்துகொள்ள, நிறுவைக் கொட்டகையில் ஒரு கரும்பலகை இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கிராணியார் பலகையின் நான்கு கட்டங்களைத் தம் குறிப்பேட்டில் படியெடுக்கிறார். முதற்கட்டத்து எண்ணை மட்டும் திருத்துகிறார். பிறகு நான்கு கட்டங்களையும் பலகையில் மீண்டும் எழுதுகிறார். இதற்கிடையில் நிறுவைக்காரர் மூன்றாம் கட்டத்தில் புதிய எடையை எழுதியிருந்தால் என்னவாகும்? கிராணியாரின் குறிப்பேட்டிலுள்ள பழைய எண் அதன்மேல் ஏறிவிடும். புதிய எடை போய்விடும். யாரும் தவறு செய்ததாகத் தெரியாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது.

கணினியில் கிராணியாரின் இடத்தில் செயலியும் நிறுவைக்காரரின் இடத்தில், நினைவகத்தில் நேராக எழுதும் கருவிகளும் உள்ளன. இருவருடைய கட்டங்களும் ஒரே துண்டில் அமையாதவாறு இடைவெளி விட வேண்டும். அதற்குத் துண்டின் அளவு தெரிய வேண்டும். ஆர்ம் செயலியில் இவ்வளவைச் சொல்வதற்கென்றே ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் சுழியம் இருந்தால் அளவு சுழியம் என்று பொருளில்லை. 'தகவல் தரப்படவில்லை' என்றே பொருள். அந்நிலையில் 2048 பைட்வரை இருக்கக்கூடும் எனக் கருதலாம் என்கிறது செயலியின் விதிமுறை.

லினக்ஸ் எடுத்துக்கொள்ளும் மதிப்பு 128 பைட். பரவலாகக் காணப்படும் ஆர்ம் செயலிகளில் துண்டின் அளவு 64 பைட்டே. அப்படியிருக்க 64-ஐயே வைத்துக்கொள்ளலாமே? கூடாது. உண்மையான அளவு 128 ஆக இருந்து நாம் 64 என நினைத்தால் தரவு சத்தமின்றி அழியும். உண்மையான அளவு 64 ஆக இருந்து நாம் 128 என நினைத்தால் கொஞ்சம் நினைவகம் மட்டுமே வீணாகும். இங்கே பெரிய எண்ணே பாதுகாப்பு.

அப்படியானால் 2048-ஐயே வைத்துவிடலாமா? 16 பைட் மட்டும் கேட்கும் ஒரு சிறு பணிக்கும் 2048 பைட் இடம் ஒதுக்க வேண்டி வரும். தேவையைப் போல் 128 மடங்கு! 128 பைட் என்றால் எட்டு மடங்கோடு போகும். எச்சரிக்கைக்கும் விலை உண்டு. விலையைப் பாராமல் அஞ்சுவதும் பொறுப்பான முடிவாகாது. அதே வேளையில், 128 என்னும் ஊகத்தைக் கண்மூடி நம்பி இருந்துவிடவும் இல்லை. தகவல் இல்லாத செயலியில் இயங்கும்போது, தான் 128 என எடுத்துக்கொண்டதைக் கெர்னல் தன் குறிப்பேட்டில் எச்சரிக்கையாக எழுதுகிறது. செயலி 128-ஐ விடப் பெரிய அளவைச் சொல்லி, ஊகம் போதாத கருவி ஒன்று இணைந்தாலும் எச்சரிக்கை எழுகிறது.

பொது மதிப்பு பொருந்தாத இடங்கள்

சில இடங்களில் எல்லாருக்கும் ஒரே இயல்நிலை மதிப்பைத் தருவதே ஆபத்து. ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள தனி முகவரி உண்டு. அது நம் அடையாள அட்டை எண்ணைப் போன்றது. அம்முகவரி விடுபட்ட கருவிகள் அனைத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், ஒரே பள்ளிக் கணினிக் கூடத்தில் இரு கருவிகள் ஒரே பெயருக்கு விடை சொல்லும். தகவல் இடம் மாறும். ஆகவே, லினக்ஸ் இயக்கிகள் பல அப்போது குலுக்கல் முறையில் ஒரு முகவரியை உருவாக்குகின்றன. அதோடு, 'இது தயாரிப்பாளர் தந்ததன்று. இங்கேயே வழங்கப்பட்டது' என்பதைக் காட்டும் ஒரு பிட்டையும் அதில் குறித்துவிடுகின்றன. தற்காலிக எண் தன்னைத் தற்காலிக எண் என்றே சொல்லிக்கொள்கிறது.

வேறு சில இடங்களில் எந்த எண்ணும் பாதுகாப்பானதாக இராது. ஒரு சில்லுக்குத் தர வேண்டிய மின்னழுத்தம் எவ்வளவு என்று தெரியாவிட்டால், கூட்டினாலும் கெடலாம். குறைத்தாலும் இயக்கம் நிற்கலாம். அனுமதிக்கப்பட்ட எல்லைகள் எழுதித் தரப்படாதவரை லினக்ஸ் மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை. இருப்பதை இருந்தவாறே விட்டுவிடுகிறது. தெரியாதபோது கைவைக்காமல் இருப்பதும் ஒரு முடிவே.

நமக்கு இதில் என்ன?

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா, பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் சில்லு உற்பத்தியைக் கொண்டுவந்து சேர்த்தது. இன்டெல், இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்களின் தொழிற்சாலைகள் அங்கே இயங்குகின்றன. தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்களுக்குச் சில்லுகளும் அவற்றை இயக்கும் மென்பொருளும் இன்று எட்டாத தொலைவில் இல்லை. அத்துறைக்குச் செல்பவர் நிரல்மொழி கற்றிருந்தால் மட்டும் போதாது. ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும்போது அதில் எதை இடுவது, இட்டதை எப்படி அறிவிப்பது என்னும் தீர்ப்பும் வேண்டும்.

அத்துறைக்குச் செல்லாதவருக்கும் இத்தீர்ப்பு தேவைப்படும். பள்ளி வருகைப் பதிவேடு, மருந்தகக் கணக்கு, கூட்டுறவுக் கடையின் இருப்புப் பட்டியல், குடும்பத்தின் மருத்துவக் குறிப்பு என எங்கும் வெறுங்கட்டங்கள் உண்டு. ஒவ்வாமை பற்றிய கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், நோயாளிக்கு ஒவ்வாமை இல்லை என்று முடிவு செய்யும் முன் அவரைக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, வெறுங்கட்டம் ஒன்றைச் சந்திக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது 'இல்லை' என்பதா, 'தெரியவில்லை' என்பதா? என் ஊகம் தவறினால் யாருக்கு, எவ்வளவு தீங்கு நேரும்? அத்தீங்கைப் பிறகு திருத்த முடியுமா? நான் ஊகித்தேன் என்பதை அடுத்து வருபவர் அறிந்துகொள்ள வழி வைத்திருக்கிறேனா? இவற்றுக்கு விடை கண்டபின் எழுதும் எண்ணையே பிறர் நம்பி நடக்க முடியும்.

அருஞ்சொற்பொருள்

செக்ரோல் – தோட்டத் தொழிலாளர் வேலைக்கணக்குப் பதிவேடு
பெரட்டு – காலையில் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் நிகழ்வு
கிராணியார் – தோட்ட எழுத்தர்
இயல்நிலை மதிப்பு – தகவல் கிடைக்காதபோது தானாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு
எதிர்மம் – சுழியத்திற்குக் கீழான எண்

கருத்துணர்தல்

1. கணக்கேட்டில் சுழியத்திற்கும் வெறுங்கட்டத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அவசர நேரத்தில் ஓ நெகட்டிவ் சிவப்பணுக்கள் தேர்ந்தெடுக்கப்படுவது ஏன்? 'பாதுகாப்பான மதிப்பும் வழக்கமான மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை' என்னும் கருத்தை இது எவ்வாறு விளக்குகிறது?
3. லினக்ஸ் 64-ஐயும் 2048-ஐயும் விடுத்து 128 பைட்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களை உம் சொந்த நடையில் எழுதுக.
4. வலையமைப்பு முகவரிக்குப் பொதுவான இயல்நிலை மதிப்பு வழங்கப்படாதது ஏன்?
5. உம் பள்ளியிலோ வீட்டிலோ நிரப்பப்படும் படிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திடுக. அதில் எந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டால் தீங்கு நேரலாம் எனவும் அதைத் தவிர்க்கும் வழி யாது எனவும் குழுவில் கலந்துரையாடுக.